பத்து பத்தொன்பது

ரேஷன் கடையில் முதலில் வந்தவருக்கு முதல் அரிசி.
பழைய பஸ் ஸ்டாண்டில் முழங்கை உள்ளவருக்கு ஜன்னல் சீட்டு.
என் மேசையில் இரண்டும் செல்லாது.
சேலம் பெரியாஸ்பத்திரி, அவசரப் பிரிவு,
நுழைந்ததும் இடப்பக்கம்,
ஒரு கால் ஆடும் ஸ்டூல்,
மூன்று நாடாச் சுருள்கள்.
சிவப்பு, மஞ்சள், பச்சை.
கோயில் கயிறு போல மணிக்கட்டில் கட்டுவேன்.
வேண்டுதலெல்லாம் அப்புறம்.

கத்துகிறவரிடம் எனக்குப் பயமில்லை.
கத்துவதற்கு மூச்சு வேண்டும்.
ஒன்பது மணிக்கு ஒரு கரைவேட்டி
மைத்துனரின் சுளுக்கிய காலோடு வந்தது.
"நான் யாருன்னு தெரியுமா?"
"உங்களத் தெரியாது சார், இவரத் தெரியும்.
நாடி எண்பத்துநாலு. பச்சை."
போன் போட்டார். யாரோ எடுக்கவில்லை.

பிறகு ஏற்காட்டு மலைப்பாதையிலிருந்து
ஒரே பைக்கில் போன இரண்டு பையன்கள்,
பதினான்காவது வளைவு, ஹெல்மெட் இல்லை.
ஒருவன் "அய்யோ என் காலு" என்று வார்டையே எழுப்பினான்.
மற்றவன் தூங்கிக்கொண்டிருந்தான்.
தூங்குகிறவனை முதலில் உள்ளே தள்ளினோம்.
கத்தியவனின் அப்பா என் சட்டையைப் பிடித்தார்:
"எம்புள்ள துடிக்கறான், கண்ணு தெரியலயா?"
தெரிந்தது.
அதனால்தான்.

இந்தக் களேபரத்தில்
பெஞ்சின் ஓரத்தில் ஒரு பெண்,
மடியில் மஞ்சள் பை, அதில் மிளகு வாசம்.
வெள்ளச்சி. முப்பத்தொன்று. நாகலூர்.
சாயங்கால பஸ்ஸில் இறங்கி வந்திருக்கிறாள், தனியாக.
அடிவயிறு வலி, கொஞ்சம் தோள்பட்டையும்.
நாடி தொண்ணூற்றாறு.
ஒன்பது ஐம்பதுக்கு மஞ்சள் கட்டினேன்.
"அவுங்களப் பாருங்க சிஸ்டர், பாவம்.
எனக்கு அவசரமில்ல."

அவசரமில்லை என்று நோயாளி சொன்னால்
அதைக் குறித்துக்கொள்ள எந்தக் கட்டமும் கிடையாது எங்கள் படிவத்தில்.
இருக்க வேண்டும்.

மஞ்சள் என்பது பதினைந்து நிமிடத்துக்கு மட்டும் உண்மை.
அதற்குள் திரும்பிப் போய்
மறுபடி விரல் வைக்க வேண்டும், மறுபடி எண்ண வேண்டும்.
பத்து ஐந்துக்கு நான்
ஜவ்வரிசி மில்லில் கட்டைவிரல் நசுங்கிய சின்னப்பையனின்
திட்டுகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.
பத்து பதினைந்துக்கு
108 இன்னொன்று பின்பக்கமாக வந்தது.

போனபோது அவள் சுவரில் சாய்ந்திருந்தாள்,
மரியாதையாக, யார் மேலும் இடிக்காமல்.
உதடு, தண்ணீரில் ஊறிய ஜவ்வரிசி.
நாடி நூற்று முப்பத்திரண்டு, நூல் மாதிரி.
மஞ்சளைக் கத்தரிக்க நேரமில்லை,
அதன் மேலேயே சிவப்பைக் கட்டினேன்.
டாக்டர் இளவேனில் ஸ்ட்ரெச்சரின் கூடவே ஓடினார்.
கருக்குழாய் வெடித்து
வயிறு முழுக்க ரத்தம் என்றார்கள் பிறகு.
எனக்கு அவசரமில்ல.

பதிவேட்டில் ஒரு கட்டம்:
மறுபரிசோதனை நேரம்.
பத்து ஐந்து என்று எழுதியிருந்தால் கேட்க ஆளில்லை.
பேனாவும் அப்படித்தான் சாய்ந்தது.
பத்து பத்தொன்பது என்று எழுதினேன்.
பதினான்கு நிமிடம் சிறிய எண்.
சின்னக் கட்டத்தில் அடங்கிவிட்டது.

பிழைத்துக்கொண்டாள். மூன்று பாட்டில் ரத்தம்.
விடியற்காலை போய்ப் பார்த்தபோது
மணிக்கட்டில் இரண்டு நாடாவும் இருந்தன.
"எம்பையில இருந்த மொளகு எங்க சிஸ்டர்?" என்றாள்.
அவளிடம் கேட்ட முதல் புகார்.
தேடிக் கொடுத்தேன், ஒரு மணி குறையாமல்.

ஆறு மணிக்கு வாசல் டீக்கடை.
கட்டைவிரலில் கட்டோடு சின்னப்பையன்,
டீ மாஸ்டரிடம் என்னைப் பற்றி:
"மூணு மணி நேரம் ஒக்கார வச்சிட்டா அந்தம்மா,
மனசாட்சியே கெடையாது."
நல்ல கனமான குரல். இடையில் இளைப்பு இல்லை.
பச்சை.
அவனுக்குப் பின்னால், காசை நீட்டியபடி,
யாரையும் முந்தாமல் நின்றிருந்தார் ஒரு பெரியவர்.
என் டீ ஆறிக்கொண்டிருந்தது.
நான் அவருடைய மூச்சை
எண்ணிக்கொண்டிருந்தேன்.